கண்மாய்க்கு விற்ற காடு

என்னைக் கொல்லம்பட்டிக்குக் கட்டிக்கொடுத்ததே அந்த ஊர்க் கண்மாய்க்காகத்தான். மாப்பிள்ளையை யாரும் பெரிதாகப் பார்த்ததாகத் தெரியவில்லை. பேச்சு முடிந்த மறுநாள் என் அப்பா ஒருவருக்கும் சொல்லாமல் தனியாகக் கிளம்பிப் போய், கண்மாய்க் கரைமேல் ஏறி நின்று பார்த்துவிட்டு வந்தார். அது பங்குனி மாதம். பங்குனியிலும் தண்ணீர் மடைக்கு மேலே நின்றிருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் அவர் சொன்னது அடுப்படியில் இருந்த எனக்கும் கேட்டது.

“பையன் கொஞ்சம் முன்கோபின்னு சொல்றாங்க. இருந்துட்டுப் போகுது. ஊர்ல தண்ணி கெடக்கு.”

அவர் சொன்ன இரண்டுமே உண்மைதான்.

நான் பிறந்தது மேற்கே, குளத்தூர்ப் பக்கத்தில் ஒரு பொட்டல் ஊர். எங்கள் ஊர்ப் பெண்களுக்குக் குடம் சுமந்து சுமந்து இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தே போயிருக்கும். சுமப்பதுகூடப் பெரிதில்லை. அடுத்த ஊர்க் கிணற்றடியில் போய், அந்த ஊர்க்காரர்கள் இறைத்து முடிக்கிற வரைக்கும் ஓரமாக நின்று, அவர்கள் முகம் கோணாமல் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத் தண்ணீர் வாங்க வேண்டும். அந்த நிற்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும். எனக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச காலத்தில் அந்த ஊரே கலைந்துவிட்டது. ஆளுக்கொரு பக்கமாகப் போனார்கள். அப்பாவும் அம்மாவும் என் அண்ணனோடு கிழக்கே போய்விட்டார்கள். தாய்வீடு என்று போய் நிற்க எனக்கு ஒரு சுவர்கூட மிச்சமில்லை. கொல்லம்பட்டிதான் இனி எல்லாம் என்று அப்போதே மனதுக்குள் முடித்துக்கொண்டேன். இனி எந்த ஊர்க் கிணற்றடியிலும் போய் நிற்கமாட்டேன், இந்த ஊரைவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும் என்று இருந்தேன்.

கந்தர்வக்கோட்டைக்கு மேற்கே வண்டிப் பாதையில் போனால் கொல்லம்பட்டி வரும். பெயர்தான் கொல்லம்பட்டி, ஒரு கொல்லர் வீடுகூடக் கிடையாது. ஏருக்குக் கொழு அடிக்க வேண்டுமென்றால் கந்தர்வக்கோட்டைக்குத்தான் போக வேண்டும். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஊருக்கு மேற்கே தரை மெல்ல உயர்ந்துகொண்டே போகும். அந்த மேட்டில்தான் ஐயனார் காடு. காட்டின் சரிவு வந்து முடிகிற இடத்தில் கண்மாய், கண்மாய்க்குக் கீழே வயல், வயலை ஒட்டி வீடுகள்.

காடென்றால் சும்மா நாலு மரம் இல்லை. வீரையும் பாலையும் உசிலும் காசாவும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நிற்கும். உச்சி வெயிலிலும் உள்ளே காலடி மண் சில்லென்று இருக்கும். நடுவில் ஐயனார் கல்லாக உட்கார்ந்திருப்பார். சுற்றிலும் நேர்ந்துகொண்டவர்கள் கொண்டுவந்து வைத்த மண்குதிரைகள். அந்தக் காட்டிலிருந்து ஒரு குச்சியைக்கூட ஊருக்குள் கொண்டுவரக் கூடாது. சாமிக்குப் பொங்கல் வைக்கிற விறகையும் வீட்டிலிருந்துதான் எடுத்துப் போக வேண்டும். முந்தானையில் ஒட்டின சருகைத் தட்டிவிட்டுத்தான் வெளியே வருவோம். நான் வந்த புதிதில் எனக்கு இது சிரிப்பாகத்தான் இருந்தது. ஊர்ப் பெண்கள் அடுப்பெரிக்க முள்ளுக்கும் எருவாட்டிக்கும் அலைகிறபோது, பக்கத்திலேயே இத்தனை விறகு விழுந்து மக்குகிறதே என்று நினைப்பேன். வாயாடி என்று ஏற்கெனவே பேர் வாங்கியிருந்ததால் அதை மட்டும் வெளியே சொல்லவில்லை.

என் புருஷன் ரெங்கசாமி ஊருக்கு அம்பலம். ஊர்க் காரியம் எதுவானாலும் அவர்தான் முன்னால் நிற்க வேண்டும், அவர் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். வீட்டில் உப்பு இருக்கிறதா என்று தெரியாது, கண்மாய் மடையில் எந்தக் கல் ஆடுகிறது என்று தெரியும். நான் அதைச் சொல்லிக் குத்திக்காட்டுவேனே தவிர, உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான்.

ஐம்பத்திரண்டாம் வருஷம் கார்த்திகையில் புயல் அடித்தது. அதற்கு முந்தின வருஷங்கள் மழை பொய்த்துக் கண்மாய் காய்ந்து கரையெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வெடித்த கரையில் அத்தனை தண்ணீரும் ஒரே மூச்சில் வந்து மோதினால் நிற்குமா? விடிந்து போய்ப் பார்த்தபோது கரை நடுவில் அறுந்து, வயலெல்லாம் மணல் மூடிக் கிடந்தது. கண்மாயில் ஒரு கை அள்ளத் தண்ணீர் இல்லை. நான் உடைப்பின் ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன். எழவு வீட்டில்கூட நான் அப்படி அழுததில்லை. என் புருஷன் வந்து பக்கத்தில் நின்றார்.

“அழுவாத. நான் கட்டுறேன்,” என்றார்.

சொன்னால் செய்துவிடுகிற ஆள் அவர். பின்னால் அதுவே எங்களுக்கு வினையாகப் போனது.

மன்னர் இருந்த காலத்தில் என்றால் புதுக்கோட்டைக்குப் போய் நின்றால் போதும். சமஸ்தானம் போன பிறகு எல்லாவற்றுக்கும் திருச்சி. அவர் திருச்சிக்கும் போனார், மனுவும் கொடுத்தார். புயலில் உடைந்தது எங்கள் ஊர்க் கண்மாய் மட்டுமா, வரிசைப்படிதான் வரும் என்றார்கள். நியாயமான பதில்தான். ஆனால் அடுத்த மழைக்குள் கரை நிற்காவிட்டால் எங்கள் ஊர் நிற்காது. அதற்குள்ளேயே சில வீடுகளில் மூட்டை கட்டுகிற பேச்சு வந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் கந்தர்வக்கோட்டையிலிருந்து அழகுமலை வந்தார். கரிக் காண்ட்ராக்டர். உலகச் சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடியபோது தொழில் பிடித்தவர். பஸ் பெட்ரோலுக்குத் திரும்பிவிட்டாலும் டவுனில் இஸ்திரிப் பெட்டிக்கும் ஓட்டல் அடுப்புக்கும் கரி வேண்டுமே. சாவடியில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். அழகுமலை சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தார்.

“மேட்டுக் காட்டைக் குடுங்க. கரையை நான் கட்டித் தாரேன். ஆளு, கல்லு, வண்டி எல்லாம் என் பொறுப்பு. அடுத்த மழைக்கு ஒங்க கண்மாய் நெறஞ்சிருக்கும்.”

ஏமாற்றுகிற ஆள் என்று அவரை நான் சொல்லமாட்டேன். பேசினபடி கட்டித்தான் கொடுத்தார். கூட்டத்தில் முதலில் பூசாரி நல்லதம்பி வேளார்தான் பேசினார். ஐயனாருக்குக் குதிரை செய்வதும் பூசை செய்வதும் அவர் குடும்பம்தான்.

“காடு நம்மளது இல்லையே அம்பலம். அவரோடதில்ல? அவரக் கேக்காம எப்படி?”

“கேப்போம்,” என்றார் என் புருஷன்.

கேட்பதென்றால் பூக்கேட்பது. வெள்ளை அரளி ஒன்று, செவ்வரளி ஒன்று. இரண்டையும் தனித்தனியாகப் பூவரச இலையில் மடித்து நூல் சுற்றி, ஐயனார் முன்னால் குலுக்கிப் போடுவார்கள். அம்பலம் கேள்வியை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வேளார் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுப்பார். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. மனசு ஆறாவிட்டால் மூன்று தடவை வரைக்கும் கேட்கலாம், அதற்கு மேல் கேட்பது சாமியை வம்புக்கு இழுப்பது. எங்கள் ஊரில் கல்யாணத்துக்கும் அப்படித்தான், கிணறு வெட்டவும் அப்படித்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ஊரே காட்டுக்குள் திரண்டது. பெண்கள் குதிரைகளுக்குப் பின்னால் நின்றோம். அழகுமலை செருப்பைக் கழற்றிவிட்டு மரியாதையாகத் தள்ளி நின்றார். என் புருஷன் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் போனார்.

“சாமி, ஒங்க காட்டை வெட்டிக் கண்மாயைக் கட்டப்போறோம். உத்தரவு வேணும்.”

வேளார் எடுத்தார். பிரித்தார். சிவப்பு.

மறுபடி இலை மடித்துப் போட்டார்கள். என் புருஷன் அதே வார்த்தையைக் கொஞ்சம் உரக்கச் சொன்னார். மறுபடியும் சிவப்பு. கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்து அடங்கியது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மரங்களுக்கு நடுவில் உடைந்த கரை ஒரு துண்டு தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மூன்றாவது தடவை அதைப் பார்த்தபடியேதான் கேட்டார்.

“சாமி, கண்மாய் இல்லாம நாங்க பொழைக்க முடியாது. கண்மாயைக் கட்டணும். உத்தரவு குடு.”

வெள்ளை வந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். எனக்கும் நாக்கு எழுந்தது. பாதியில் நின்றுவிட்டது, ஏனென்றால் அவர் என்ன கேட்டார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுற்றிப் பார்த்தேன். வேளார் தலையைக் குனிந்துகொண்டு இலையை மடித்துக்கொண்டிருந்தார். மற்ற எல்லார் முகத்திலும் சந்தோஷம்.

அன்று மத்தியானம் சோறு போடும்போது என்னால் வாயை அடக்க முடியவில்லை.

“மூணாந்தடவை காடுங்கிற பேச்சே வரலயே.”

“என்ன வரல?”

“காட்டை வெட்டலாமான்னு ரெண்டு தடவ கேட்டீங்க. வேணாம்னுட்டாரு. மூணாவதா கண்மாயைக் கட்டலாமான்னு கேட்டீங்க. கட்டுன்னாரு. அதை யாருதான் வேணாம்பா?”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

“ஒண்ணுன்னா மொதல்ல எதுக்குச் செவப்பு வந்துச்சு?”

அவர் கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். “ஒங்கப்பன் ஊரு மாதிரி இதும் போகணுமா? மறுபடி போயி அடுத்த ஊர்க் கெணத்தடியில நிக்கிறியா? சொல்லு, இப்பவே வேணாம்னு சொல்லிட்டு வாரேன்.”

எங்கே அடித்தால் நான் அடங்குவேன் என்று அவருக்குத் தெரியும். தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

தை பிறந்ததும் வெட்டத் தொடங்கினார்கள். எங்கள் ஊர்க்காரன் ஒருவனும் கோடரி எடுக்கவில்லை. அழகுமலை வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்தார். வீரை மரம் விழும்போது ஒரு சத்தம் வரும், வீட்டுக்குள் இருந்தாலும் நெஞ்சில் விழுவதுபோல இருக்கும். குழியில் விறகை அடுக்கி மண் மூடி எரிக்கிற கரிமூட்டம் மேட்டில் புகைந்துகொண்டே இருந்தது. சோற்றில் புகை வாடை, துணியில் புகை வாடை. காட்டில் அடைந்த கொக்கும் கிளியும் கொஞ்ச நாள் எங்கள் கூரைக்கு மேலே சுற்றிச் சுற்றிப் பறந்துவிட்டு எங்கேயோ போய்விட்டன.

மூட்டத்துக்குக் குழி தோண்டும்போதுதான் அது நடந்தது. இடுப்பளவு தோண்டுவதற்குள் மண் கறுப்பாக வந்தது. அள்ளிப் பார்த்தால் மண் இல்லை, கரி. எங்கள் கரி இல்லை, பழைய கரி. அதோடு கனமான, ஓட்டை ஓட்டையான கறுப்புக் கற்கள். எங்கள் வயலிலும் அந்தக் கல் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடக்கும், ராட்சசன் மென்று துப்பியது என்று சொல்வோம். மேட்டில் அது வண்டி வண்டியாக வந்தது. கொஞ்சம் தள்ளித் தோண்டினால் ஆள் உட்காருகிற உயரத்துக்குத் தாழிகள். உள்ளே எலும்பும் துருவேறின இரும்பும். வேலையாட்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்துவிட்டார்கள். சேதி போய், திருக்கோகர்ணத்திலிருந்து மியூசியத்துக்காரர் ஒருவர் வந்தார்.

ஒல்லியான மனிதர். குடையைச் சுருக்கி வைத்துவிட்டுக் குழிக்குள் இறங்கினவர் வெயில் சாய்கிற வரைக்கும் மேலே வரவில்லை. நான் மோர் கொண்டுபோனேன். வேடிக்கை பார்க்கிற ஆசையும் இருந்தது. என் புருஷனும் அழகுமலையும் குழிக்கு மேலே நின்றார்கள். மியூசியத்துக்காரர் மோரைக் குடித்துவிட்டு ஒரு கறுப்புக் கல்லை என் கையில் கொடுத்தார்.

“இது கல்லு இல்லம்மா. இரும்பு உருக்கினா மிஞ்சுற கசடு. ஒரு காலத்துல இங்க ஒரு பெரிய ஊரே இரும்பு உருக்கிப் பொழைச்சிருக்கு. ஒரு மண்வெட்டிக்கு இரும்பு எடுக்கணும்னா வண்டிக் கணக்குல கரி வேணும்.”

“அம்புட்டுக் கரிக்கு எங்க போனாங்க?” என்று கேட்டேன்.

“எங்கயும் போக வேண்டியதில்ல. சுத்தியும் காடுதானே இருந்திருக்கும்.”

“அவங்கல்லாம் என்ன ஆனாங்க?”

குழியின் சுவரைக் காட்டினார். அடியிலிருந்து மேல்வரைக்கும் கறுப்பும் சிவப்புமாகப் படிப்படியாக இருந்தது.

“எழுதி வச்சிட்டுப் போகலையே. சண்டை வந்திருக்கலாம், கொள்ளைநோய் வந்திருக்கலாம். ஆனா எனக்குத் தோணுறது வேற. அடியில பாருங்க, கரித்துண்டு கை மொத்தம் இருக்கு. பெரிய மரத்தை எரிச்சிருக்காங்க. மேல வரவர வெரல் மொத்தம். கடைசியில குச்சியும் செத்தையுந்தான். அதுக்கு மேல கசடே இல்ல. எரிக்க ஒண்ணும் மிஞ்சாதப்ப குடிக்கவும் மிஞ்சியிருக்காது. கெளம்பிட்டாங்க.”

ஊர்ப் பெயர் எங்கிருந்து வந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. கையில் இருந்த கசடு கனத்தது. கீழே வைத்துவிட்டேன்.

“அப்ப இந்தக் காடு?” என்று கேட்டார் என் புருஷன்.

“அவங்க போன பிறகு வந்த காடுங்க. ஆயிரம் வருஷமோ, கூடவோ. மனுசன் கையெடுத்தான், காடு திரும்பி வந்துருச்சு. ஐயனார் அதுக்கும் பின்னால வந்தவரு.”

என் புருஷன் முகம் தெளிந்தது. என் பக்கம் திரும்பினார். “கேட்டுக்கிட்டியா? வெட்டுனா திரும்பி வருமாம்.”

மியூசியத்துக்காரர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “வரும்ங்க. நீங்க இருக்க மாட்டீங்க,” என்றார்.

“நமக்கென்ன ஆயிரம் வயசா,” என்று அழகுமலை சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மியூசியத்துக்காரர் ஒரு ஆளைச் சொல்லவில்லை, ஊரைச் சொன்னார் என்று எனக்குப் பட்டது. மறுநாள் இரண்டு தாழிகளை வைக்கோல் சுற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு அவர் போய்விட்டார். குழிகளில் மூட்டம் புகையத் தொடங்கியது. கீழே ஆறின கரி, மேலே வேகிற கரி.

ஆடிக்குள் கரை எழுந்துவிட்டது. முன்பு இருந்ததைவிட அகலம், உயரம். ஐப்பசியில் மழை வந்தது. எப்போதும் எங்கள் கண்மாய் மெதுவாகத்தான் பெருகும். மழை நின்று நாலைந்து நாள் கழித்தும் காட்டுச் சரிவிலிருந்து தெளிந்த தண்ணீர் கசிந்து வந்துகொண்டே இருக்கும். அந்த வருஷம் பெய்த முதல் மழைக்கே கண்மாய் தளும்பிவிட்டது. தண்ணீர் குங்குமத்தைக் கரைத்தது போல் இறங்கி வந்தது. ஊரே கரைமேல் நின்று கூத்தாடியது.

“இம்புட்டு நாளா காடுதான் தண்ணியக் குடிச்சிருக்கு பாரு,” என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். வேளார்கூட ஆமாம் என்று தலையாட்டினார். என் புருஷனைக் கையில் பிடிக்க முடியவில்லை. கரையில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தார். எனக்கும் மனசு நிறைந்துதான் இருந்தது. குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தேன். பல்லில் மணல் கடிபட்டது. துப்பிவிட்டு மறுபடி அள்ளினேன்.

மியூசியத்துக்காரர் சொன்னபடியே மேட்டில் அடிக்கட்டைகள் துளிர்த்தன. என் புருஷன் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். குழந்தையைக் காட்டுவதுபோல் காட்டினார். ஆனால் மறுவருஷம் அலை அடித்துப் புதுக்கரை கரையத் தொடங்கியது. கரையின் உட்பக்கம் கல் பாவ வேண்டும். அழகுமலை வந்து, கல் பாவித் தருகிறேன், வேர்க்கட்டைகளைக் கொடுங்கள், வேர்க்கரிதான் நின்று எரியும் என்றார். இந்தத் தடவை பூக்கேட்கவில்லை. வெட்டின மரத்தின் வேர்தானே என்றார்கள். கட்டைகளைத் தோண்டி எடுத்த பள்ளத்தில் மிச்சம் முளைத்ததை ஆடு மேய்ந்தது.

அதற்குப் பிறகு வந்த மழையெல்லாம் மேட்டை அறுத்துக்கொண்டு இறங்கியது. ஒவ்வொரு வருஷமும் கண்மாய் சீக்கிரம் நிறைந்தது, சீக்கிரம் வற்றியது. மடை வாயில் செம்மண் அடைத்துக்கொண்டது. நடுக் கண்மாயில் ஒரு திட்டு எழுந்தது, பிறகு அந்தத் திட்டே கண்மாய் என்று ஆனது. கண்மாய் வண்டல் என்றால் வயலுக்கு உரம் என்று போட்டி போட்டு அள்ளுவார்கள். இது செஞ்சரளை, வயலில் போட்டால் பயிர் கருகும். கோடையில் என் புருஷன் ஊரைக் கூட்டிக்கொண்டு வண்டி வண்டியாக அள்ளிக் கரைமேல் கொட்டினார். ஊர் ஓய்ந்த பிறகு அவர் ஒருவராகவே அள்ளினார். கரை உயர்ந்தது, அதற்குச் சரியாக உள்ளே மண்ணும் உயர்ந்தது. பார்க்க வருகிறவர்கள் கரையை மெச்சுவார்கள். அந்த மாதிரி கரை சுற்று வட்டாரத்தில் எங்கேயும் இல்லை.

“கரையைப் பாத்துக்கிட்டே தாகத்துக்குக் குடிங்க,” என்பேன் நான். அவர் பதில் சொல்லமாட்டார். முன்பெல்லாம் இப்படிச் சொன்னால் செம்பு பறக்கும். அந்தக் கோபம் போனதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

தையிலேயே கண்மாய் காய்ந்தது. பிறகு கிணறுகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் காய்ந்தன. ஒவ்வொரு அறுவடைக்குப் பிறகும் சில வீடுகளில் கதவு சாத்தினார்கள். அறுபதாம் வருஷம் மாசியில் எங்கள் வீட்டுக் கிணற்றில் வாளி மண்ணில் போய் முட்டியது. நான் குடத்தை எடுத்துக்கொண்டு கிழக்கே அடுத்த ஊருக்கு நடந்தேன். அந்த ஊர்ப் பெண்கள் இறைத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஓரமாக நின்றேன். வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. கைக்குழந்தைக்காரி ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டு நல்ல மனசோடுதான் கேட்டாள்.

“எந்த ஊருங்க அக்கா? வெகுநேரமா நிக்கிறீங்களே.”

“கொல்லம்பட்டி.”

“அங்க பெரிய கண்மாய் கட்டியிருக்காங்களாமே?”

அவளே என் குடத்தை வாங்கி நிறைத்துக் கொடுத்தாள். வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கினதும் என் புருஷனிடம் சொன்னேன்.

“கெளம்பிருவோம். அண்ணன் இருக்கிற எடத்துக்குப் போவோம். அங்க புதாத்து வாய்க்காத் தண்ணி பாயுது, குத்தகைக்கு வயல் கெடக்குதாம்.”

“நீயா சொல்ற?”

“நாந்தான் சொல்றேன். நிக்க மாட்டேன்னு இருந்தேன், இன்னைக்கு நின்னுட்டேன். இனி இந்த ஊர்ல எனக்கு என்ன இருக்கு?”

“கரையை விட்டுட்டா?” என்றார். பிறகு நான் இறக்கி வைத்த குடத்தைப் பார்த்தார். “சரி,” என்றார்.

ஊரைவிட்டுப் போகிறவர்கள் சாமியை விட்டுவிட்டுப் போக முடியாது. சிலையைத் தூக்கிக்கொண்டு போகவும் கூடாது. சாமி காலடியில் ஒரு பிடி மண் எடுத்து, மஞ்சள் துணியில் முடிந்துகொண்டு போய், குடியேறுகிற இடத்தில் போட்டு, அதன்மேல் கல் நட்டுக் கும்பிட வேண்டும். பிடிமண் என்று சொல்வது அதைத்தான். முன்னால் போன வீட்டுக்காரர்கள் யாரும் எடுக்கவில்லை. அம்பலம் கையால் எடுத்தால்தான் ஊர் எடுத்ததாகும். அதனால் எல்லாரும் அவர் எப்போது கிளம்புவார் என்று காத்திருந்தார்கள்.

பங்குனியில் ஒரு நாள் காலையில் மேட்டுக்குப் போனோம். நானும் அவரும் வேளாரும், மிச்சமிருந்த சில வீட்டுக்காரர்களும். வேர்க்கட்டை தோண்டின காலத்துக்குப் பிறகு நான் அங்கே ஏறவில்லை. மேடு முழுக்கச் செம்புராங்கல் பாறை தோல் உரித்தது மாதிரி தெரிந்தது. மழைத் தண்ணீர் அறுத்த ஓடைகள் கீழ்நோக்கி ஓடின. மண்குதிரைகள் கால் உடைந்து சாய்ந்து கிடந்தன. ஐயனார் இருந்தார். அவர் பீடத்துக்கு அடியில் முன்பு மண்ணுக்குள் இருந்த கல்லெல்லாம் வெளியே தெரிய, கொஞ்சம் ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்திருந்தார்.

வேளார் சூடம் கொளுத்தினார். குனிந்து சாமி காலடியில் கையை வைத்துச் சுரண்டினார். நகம் கல்லில் கீறுகிற சத்தம் கேட்டது. பின்பக்கம் போய்ச் சுரண்டினார். பீடத்துக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தார். கடைசியில் மண்வெட்டியை வாங்கி ஓங்கிப் போட்டார். அது பாறையில் பட்டு எகிறியது.

“அம்பலம், இங்க மண்ணு இல்ல.”

“நல்லாப் பாருங்க வேளாரே. ஒரு பிடிதானே.”

“பாத்துட்டேங்க. பாறைதான் இருக்கு.”

அங்கே நின்று பார்த்தால் நடுவில் மறைக்க ஒரு செடி இல்லை. கண்மாய் முழுசாகத் தெரிந்தது. அந்தப் பெரிய கரைக்குள்ளே மட்டமாக, சிவப்பாக, மண்தான் தளும்பி நின்றது. என் புருஷன் அதைப் பார்த்தார். வேளார் அவர் தோளைத் தொட்டு மெதுவாகச் சொன்னார்.

“சாமி மண்ணு அங்கதாங்க கெடக்கு. வாங்க, அங்கயே எடுப்போம்.”

கீழே இறங்கிக் கண்மாய்க்குள் நடந்தோம். நடுவில் ஒரு இடத்தில் வேளார் நின்று, மேட்டைப் பார்த்துச் சூடம் காட்டிவிட்டு, மஞ்சள் துணியை விரித்தார். என் புருஷன் மண்டியிட்டு ஒரு பிடி அள்ளித் துணியில் வைத்தார். எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அவர் இன்னொரு பிடி அள்ளினார். அதற்கு மேல் இன்னொன்று.

“போதும்ங்க. ஒரு பிடிதான் கணக்கு,” என்றார் வேளார்.

“இதுல எது அவரு காலடி மண்ணு, எது காட்டு மண்ணுன்னு எனக்கு எப்படித் தெரியும் வேளாரே?” என்றார் என் புருஷன். “அவருது எதுவும் விட்டுப்போயிரக் கூடாதுல்ல.”

துணி நிறைந்து வழிந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பக்கத்தில் விரித்தார். அவரிடம் கேட்பதற்கென்று நான் இத்தனை வருஷமாக வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, நிறைந்த துணியின் நான்கு மூலையையும் சேர்த்து முடிந்தேன். எந்த மண்ணை இத்தனை கோடையும் வண்டி வண்டியாக அள்ளி வெளியே கொட்டினாரோ, அதே மண்ணை அன்றைக்கு ஒரு பிடிகூட விட்டுப்போக மனசில்லாமல் அவர் அள்ளிக்கொண்டே இருந்தார்.